இருபத்தொரு லட்டும் ஒரு தாம்பாளமும்

எங்கள் வீட்டுப் பித்தளைத் தாம்பாளத்துக்கு வருடா வருடம் வீரம் கூடிக்கொண்டே போனது.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அது வெறும் குடையாகத்தான் இருந்தது. நாற்பத்தேழில் எங்கள் தாத்தா தௌலத் ராம் சியால்கோட்டை விட்டுக் கிளம்பியபோது மழை பிடித்துக்கொண்டதாம். மாவு பிசைகிற அந்தப் பெரிய தாம்பாளத்தைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்தாராம். நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது அது படகாகிவிட்டது. ராவி ஆற்றில் வெள்ளம். பத்து வயதுப் பெரியப்பாவை அதில் உட்கார வைத்து, தாத்தா நீந்திக்கொண்டே தள்ளிப் போனார். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருடம், தாம்பாளத்தின் ஓரத்தில் இருந்த நசுங்கலுக்கும் காரணம் கிடைத்தது. துப்பாக்கிக் குண்டு! குண்டு தாம்பாளத்தில் பட்டு, திரும்பிப் போய், சுட்டவனுடைய குதிரையின் மேலேயே பாய்ந்தது.

"குதிரை எங்கேருந்து வந்துச்சு? போன வருஷம் இல்லையே" என்று பெரியம்மா கைலாஷ் ராணி கேட்டாள்.

"சுடுறவன் நடந்தா வருவான்?" என்றார் பெரியப்பா.

"சரி சரி. அடுத்த வருஷம் தாம்பாளம் பறக்கும். நான் இறக்கை தைச்சு வைக்கிறேன்."

தைப்பது எங்கள் தொழில். ஜலந்தரில் எங்கள் பஸ்தியில், அதாவது குடியிருப்பில், பாதி வீடுகளில் கால்பந்து தைப்போம். சியால்கோட்டிலிருந்து வந்தவர்கள் அங்கே செய்த வேலையை இங்கேயும் தொடர்ந்தார்கள், அவ்வளவுதான். பெரியப்பா திலக் ராஜ் ஒரு நாளைக்கு நான்கு பந்து தைப்பார். கை தைக்கும், வாய் கதை சொல்லும். நாங்கள் தோல் துண்டுகளை எடுத்துக் கொடுத்தபடி கேட்போம்.

சுதந்திரம் வந்து ஐம்பது வருடம் ஆனபோது, ரிட்டயரான பூகோள வாத்தியார் பிஷம்பர் நாத் மாஸ்டர் எங்கள் பஸ்தியில் மூடிக் கிடந்த தர்மசாலையின் மாடியைச் சுத்தம் செய்து, பிரிவினையில் வந்தவர்களுக்காக ஒரு அருங்காட்சியகம் ஆரம்பித்தார். வீடு வீடாக வந்து கேட்டார். "அங்கேருந்து கொண்டு வந்தது எது இருந்தாலும் கொடுங்க. பூட்டு, செருப்பு, கடுதாசி, எதுவா இருந்தாலும் சரி." ஜனங்கள் கொடுத்தார்கள். ஒற்றைச் செருப்பு வந்தது, கிளி இல்லாத கூண்டு வந்தது, ஆறாம் வகுப்பில் தோற்றுப்போனதற்கான சான்றிதழ் ஒன்று கண்ணாடிச் சட்டத்தோடு வந்தது. அதைக் கொடுத்தவர், "ஊரு ரெண்டாப் போனதால ஜெயிக்க முடியாமப் போச்சு" என்று அட்டையில் எழுதச் சொன்னார். தேர்வு நடந்தது நாற்பத்தைந்தில் என்று மாஸ்டர் கண்டுபிடித்து எழுத மறுத்துவிட்டார். மாஸ்டர் அவ்வளவு கறார்.

பெரியப்பா தாம்பாளத்தைக் கொடுத்தார். அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டார்.

"நானே வைப்பேன். வெச்சது வெச்சபடி இருக்கணும். யாரும் புரட்டக் கூடாது. எங்கப்பா தலையில இருந்த பொருள் அது. கவுத்தா அவரையே கவுத்த மாதிரி."

மாஸ்டருக்கு இது பிடித்துப்போனது. அதையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். எங்களுக்குத்தான் ஆச்சரியம். தாம்பாளத்தின் அடியில் ஓட்டை இருந்ததாகவும், அதைப் பந்துத் தோலை ஒட்டி அடைத்ததாகவும் பெரியப்பா எப்போதும் சொல்வார். ஒட்டுப்போட்டதைக் காட்ட வெட்கப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டோம். பிசைந்த மாவு ஓட்டை வழியாக எங்கே ஓடிவிடப் போகிறது என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அட்டை வந்தது. அழகான கையெழுத்து. 'தௌலத் ராம், சியால்கோட். தலையில் சுமந்து வந்தது. குண்டு பட்ட தடத்தைக் காண்க.' குதிரையையும் சேர்க்கச் சொல்லிப் பெரியப்பா இரண்டு நாள் அலைந்தார். மாஸ்டர் மசியவில்லை. இருந்தாலும் தன் அப்பா பெயர் அச்சு எழுத்து மாதிரி இருப்பதைப் பார்த்துப் பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் மாலையில் போய் அந்த அட்டையைத் துடைத்துவிட்டு வருவார். துடைத்துத் துடைத்துத் 'தௌ' மங்கிப்போய் மாஸ்டர் வேறு அட்டை எழுத வேண்டியதாயிற்று.

அக்டோபரில் பத்திரிகையிலிருந்து ஒருவர் படம் எடுக்க வருவதாகச் சொன்னார்கள். வீட்டில் எல்லோரும் குளித்து, இஸ்திரி போட்ட துணி உடுத்திக்கொண்டு போனோம். பெரியப்பா வெள்ளைக் குர்த்தாவும் ரோஜா நிறத் தலைப்பாகையும் அணிந்திருந்தார். கல்யாண மாப்பிள்ளையின் மாமா மாதிரி இருந்தார்.

படம் எடுக்க வந்த பையன் தாம்பாளத்தை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல உக்காந்துதானே ஆத்தைத் தாண்டினீங்க? உள்ள உக்காருங்களேன். படம் ஜோரா வரும்" என்றான்.

"காட்சிப் பொருள்மேல உக்காரக் கூடாது" என்றார் மாஸ்டர்.

"மேல இல்ல மாஸ்டர்ஜி, உள்ள" என்று பெரியப்பா செருப்பைக் கழற்றினார்.

வெல்வெட் துணி விரித்த தாழ்வான மேடை. பெரியப்பா தாம்பாளத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒல்லியான ஆள், அளவெடுத்தது போலப் பொருந்தினார்.

"கொஞ்சம் பயந்த மாதிரி பாருங்க தாத்தா."

"நான் எதுக்குப் பயப்படணும்? ஆறுதான் பயந்துச்சு."

"துடுப்புப் போடுற மாதிரி கையை ஆட்டுங்க."

பெரியப்பா ஆட்டினார். "புயல்ல மாவு பிசையிற மாதிரி இருக்கு" என்றாள் பெரியம்மா. எல்லோரும் சிரித்தோம். படம் எடுத்தாயிற்று. அந்தப் பையன் வேறு எங்கோ போக வேண்டுமென்று மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டான். பெரியப்பா எழுந்திருக்கக் கையை ஊன்றினார்.

அப்போது கிளிக்கூண்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அது எங்கம்மாவோட தாம்பாளம்."

வெள்ளைத் துப்பட்டா, நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி, தோளில் கோதுமை மூட்டை அளவுக்கு ஒரு பை. அறுபதைத் தாண்டிய அம்மாள், ஆனால் நடை போலீஸ்காரர் நடை. நேரே வந்து நின்றாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் மாஸ்டர்.

"வீரன்வாலி. பானிபட்லேருந்து வரேன். என் தம்பி பொண்ணுக்கு இங்க குழந்தை பிறந்திருக்கு, பாக்க வந்தேன். சியால்கோட்டு சாமானெல்லாம் வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்க, எங்க சந்துக்காரங்க பொருள் ஏதாவது இருக்கான்னு பாக்கலாம்னு மாடி ஏறினேன். பாத்தா எங்க தாம்பாளத்துல ஒரு ஆளே இருக்கான்." குனிந்து பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "ஓய், நீ தௌலத் ராம் மகன் திலக்குதானே? மூக்கு ஒழுகிட்டு நிப்பியே?"

பெரியப்பாவின் கை தானாக மூக்குக்குப் போனது. அப்புறம் இறங்கி, தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு உங்களைத் தெரியாது" என்றார்.

"தெரியாதா? நாலு வீடு தள்ளி எங்க வீடு. நீ உங்க வாசல்ல தும்மினா எங்க விளக்கு அணையும். உன் மூக்கை என் துப்பட்டாவுல எத்தனை தடவை துடைச்சிருக்கேன்? அந்தத் துப்பட்டாவை அங்கேயே விட்டுட்டு வந்தேன். நல்லவேளை, இல்லேன்னா அதையும் இங்க வெச்சு அட்டை எழுதியிருப்பீங்க."

"பித்தளைத் தாம்பாளம் ஊர்ல ஆயிரம் இருக்கு, அம்மா" என்றார் மாஸ்டர். "இதுல குண்டு பட்ட தடம் இருக்கு பாருங்க."

வீரன்வாலி அட்டையைப் படித்தாள். நசுங்கலை விரலால் தடவினாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் மேல்கூரையிலிருந்து ஒரு புறா பறந்துபோனது.

"குண்டா! எங்கம்மா எங்கப்பாவை அடிச்ச தடம்யா இது! குதிரைச் சந்தைக்குப் போய்க் குதிரை வாங்காம, வேடிக்கை பாத்துட்டு வந்தாருன்னு அடிச்சா. அவரு தலைக்கு ஒண்ணும் ஆகல. தாம்பாளம்தான் நசுங்குச்சு."

"குதிரை வந்துருச்சு பாத்தீங்களா" என்றாள் பெரியம்மா எங்கள் பக்கம் திரும்பி.

"மாஸ்டர்ஜி, சுலபமா முடிச்சுடலாம்" என்றாள் வீரன்வாலி. "இதோட அடியில எங்கம்மா மாயாவந்தி பேரை வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு எங்க தாய்மாமா கொடுத்த சீர். புரட்டிப் பாருங்க. பேரு இல்லேன்னா நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன். டேய் திலக்கு, எந்திரி."

பெரியப்பா எழுந்திருக்கவில்லை.

"எந்திரிங்க" என்றாள் பெரியம்மா. "ஓட்டையைத்தானே பாக்கப் போறாங்க. ஊருல ஒட்டுப்போடாத பாத்திரமா இருக்கு?"

"புரட்டக் கூடாதுன்னு பதிவேட்டுல எழுதியிருக்கு" என்றார் பெரியப்பா.

மாஸ்டர் பதிவேட்டைப் புரட்டினார். "எழுதியிருக்கு" என்றார் வருத்தத்தோடு. "ஆனா உக்காரக் கூடாதுன்னும் எழுதியிருக்கு. நீங்க எந்திரிங்க, நான் புரட்டல. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

"நான் எந்திரிச்சா இந்தம்மா புரட்டிடுவாங்க."

"கண்டிப்பாப் புரட்டுவேன்" என்றாள் வீரன்வாலி.

"அப்ப நான் எந்திரிக்கல."

அப்போது மணி பதினொன்று. பந்து தைக்கிறவர்களுக்கு உட்காருவது ஒரு கஷ்டமே இல்லை. பெரியப்பா முட்டிக்கிடையில் பந்தை இடுக்கிக்கொண்டு காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை அசையாமல் இருப்பவர். வீரன்வாலியும் லேசுப்பட்டவள் இல்லை. எதிரே தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து நூற்கண்டை எடுத்துக் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வரிசையாக வந்துவிட்டார்கள். முன்பே சொல்லி வைத்த வருகை, மாஸ்டரால் திருப்பி அனுப்ப முடியவில்லை. டீச்சர் ஒவ்வொரு பொருளாகக் காட்டிக்கொண்டே வந்து தாம்பாளத்தின் முன்னால் நின்றாள். அட்டையைப் படித்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் படித்தாள்.

"பிள்ளைங்களா, இப்படித்தான் மக்கள் ஆத்தைக் கடந்தாங்க" என்றாள்.

"டீச்சர், இது பொம்மையா நிஜமா?" என்றான் ஒரு வாண்டு.

"தொடக் கூடாதுன்னு போட்டிருக்கு பாரு."

"அது கண் சிமிட்டுது டீச்சர்!"

பெரியப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு சிறுமி வரிசையிலிருந்து விலகி வந்து, "தாத்தா, எப்ப கரை வரும்?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"இந்தம்மா போனதும் வரும்" என்றார் கண்ணைத் திறக்காமலே.

மத்தியானம் பெரியம்மா வீட்டுக்குப் போய் ராஜ்மாவும் சாதமும் கொண்டு வந்தாள். காட்சி அறையில் சாப்பாடு கூடாது, எறும்பு வரும் என்று மாஸ்டர் கத்தினார். "அப்ப அவரு பட்டினியில செத்தா அவரையும் இங்கயே வெச்சுக்குங்க, அட்டையும் எழுதிக்குங்க" என்று பெரியம்மா தட்டை நீட்டினாள். வீரன்வாலிக்கும் ஒரு தட்டு கொடுத்தாள். பெரியப்பாவைத் திருடன் என்கிறவளானால் என்ன, சாப்பாட்டு நேரத்தில் எதிரே இருக்கிறவளை விட்டுவிட்டா சாப்பிட முடியும்?

"ராஜ்மா நல்லா இருக்கு, தங்கச்சி" என்றாள் வீரன்வாலி. "புளிப்புக் கொஞ்சம் கூடியிருக்கணும்."

"தக்காளி வாங்கிட்டு வரச் சொன்னேன்க்கா. இவருக்கு ஆத்தைத் தாண்டவே நேரம் சரியா இருக்கு."

இருவரும் இப்படி ஒட்டிக்கொண்டதில் பெரியப்பாவுக்கு எரிச்சல். அதற்குமேல் வீரன்வாலி ஒரு காரியம் செய்தாள். கீழே கடையிலிருந்து லஸ்ஸி வரவழைத்தாள். ஒரு பெரிய டம்ளரைப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

"குடி, திலக்கு. தொண்டை காஞ்சிருக்கும்."

மூத்தவள் கையால் கொடுக்கிறாள், மறுக்க முடியவில்லை. குடித்தார். இன்னொன்று வந்தது. "ஒண்ணோட நிறுத்தக் கூடாது, ரெண்டா குடி." குடித்தார். மூன்றாவதும் வந்தது. அதைக் குடித்து முடித்தபோதுதான் பெரியப்பாவுக்கு விஷயம் உறைத்தது. கக்கூஸ் கீழே, முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது.

இரண்டு மணிக்குப் பெரியப்பா லேசாக ஆட ஆரம்பித்தார்.

"வெள்ளம் வந்துருச்சு போலிருக்கே" என்றாள் வீரன்வாலி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க எதுக்கு இப்படி அடம் பிடிக்கிறீங்க?" என்று கெஞ்சினார் பெரியப்பா. "பித்தளைதானே. கடையில புதுசு வாங்கித் தரேன். இதைவிடப் பெருசா."

வீரன்வாலி ஊசியைக் கீழே வைத்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பித்தளை யாருக்குய்யா வேணும்? எங்கம்மா அகதி கேம்புல டின் மூடியில மாவு பிசைஞ்சா. தினமும் பிசையும்போது ஒரே பேச்சு. 'தௌலத் ராம் என் தாம்பாளத்தைத் தின்னுட்டான். கல்யாணத்துக்குன்னு வாங்கிட்டுப் போனான், கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, திருப்பிக் கொடுக்கல.' வீடு போச்சு, மாடு போச்சு, அதையெல்லாம் ஒரு நாளும் சொல்லி அழல. தாம்பாளத்தைத்தான் சொன்னா. சாகிற வரைக்கும் சொன்னா. எங்க வீட்டுல யாராவது பொருளை எடுத்துட்டுத் தரலேன்னா, 'போடா தௌலத் ராம்'னுதான் திட்டுவோம். என் பேரன் பேத்திங்க வரைக்கும் அதுதான் வசவு. எனக்குத் தாம்பாளம் வேண்டாம். உங்கப்பா திருடன்தானா, அது மட்டும் தெரியணும். ஏன்னா எனக்கு அவரைப் பிடிக்கும். ஈத் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் எங்களுக்கெல்லாம் துணிப்பந்து செஞ்சு கொடுப்பாரு."

பெரியப்பா அட்டையைப் பார்த்தார். தௌலத் ராம் என்ற பெயரைப் பார்த்தார். ஆடுவதை நிறுத்திவிட்டார்.

"எங்கப்பா திருடன் இல்ல" என்றார்.

"அப்ப?"

"நான்தான்."

"உனக்குப் பத்து வயசுடா."

"லட்டு" என்றார் பெரியப்பா.

யாருக்கும் புரியவில்லை. பெரியப்பா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இந்த ஒரு கதையை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

"எங்க அத்தை கல்யாணம் முடிஞ்ச மறுநாளே எங்கம்மா தாம்பாளத்தைத் தேய்ச்சு, கல்யாண லட்டு இருபத்தொண்ணு வெச்சு, துணி போட்டு மூடி, என் தலையில தூக்கி வெச்சா. இரவல் வாங்கின பாத்திரத்தைக் காலியாத் திருப்பக் கூடாதுல்ல. மாயாவந்தி சித்திகிட்டக் கொடுத்துட்டு வாடான்னா. நான் போனேன். கோயில் மேடையில கொஞ்சம் இறக்கி வெச்சேன். கனமா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு எடுத்தேன்."

"சரி."

"இருபது ஆச்சு. இரட்டைப்படை. சுப காரியத்துக்கு இரட்டைப்படையில கொடுக்கலாமா? அதனால இன்னொண்ணு சாப்பிட்டேன்."

"பத்தொன்பது" என்றார் மாஸ்டர், தன்னை மறந்து.

"பத்தொன்பதுன்னு யாராவது சீர் வெப்பாங்களா மாஸ்டர்ஜி? இருபத்தொண்ணு, இல்லேன்னா பதினொண்ணு. அதனால பதினொண்ணுக்குக் கொண்டு வந்தேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஒரு நாய் உதவி பண்ணுச்சு. பதினொண்ணோட எந்திரிச்சேன், சத்தியமா எந்திரிச்சேன். அந்த நாய் பின்னாலேயே வந்து எம்பி ஒண்ணைக் கவ்விட்டுப் போயிடுச்சு. பத்து. மறுபடி இரட்டைப்படை."

வீரன்வாலி துப்பட்டா நுனியை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சுல நிறுத்திடலாம்னு பாத்தேன். ஆனா அவ்வளவு பெரிய தாம்பாளத்துல அஞ்சு லட்டு கடகடன்னு உருளுது. சந்து பூரா கேக்குது. மானமே போச்சு. அதனால..."

"கடைசி ஒண்ணு?"

"ஒத்தை லட்டை வெச்சு என்னக்கா பண்றது?" என்றார் பெரியப்பா. 'அக்கா' என்று அப்போதுதான் முதல் முறை கூப்பிட்டார். "தாம்பாளம் காலி. காலியாக் கொடுக்க முடியுமா? உங்கம்மா என்ன நினைப்பாங்க? கொண்டுபோய் வைக்கோல் ரூம்ல ஒளிச்சு வெச்சேன். கொடுத்துட்டேன், சந்தோஷப்பட்டாங்கன்னு எங்கம்மாகிட்டச் சொன்னேன். எப்படியாவது லட்டு சேத்துக் கொடுத்துடலாம்னு இருந்தேன். அடுத்த கல்யாணம் வரட்டும்னு காத்திருந்தேன். கல்யாணம் வரல. கலவரம் வந்துச்சு."

பெரியம்மா தலைமேல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"கிளம்பற அன்னிக்கு மாட்டை அவுத்துவிட அப்பா வைக்கோல் ரூமுக்குப் போனாரு. தாம்பாளத்தைப் பாத்தாரு. என்னை ஒரு அறை விட்டாரு. அதைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கு ஓடினாரு. பூட்டியிருந்துச்சு. நீங்க முந்தின நாளே போயிட்டீங்களாம். திரும்பி வந்து அதைத் தலையில வெச்சுக்கிட்டாரு. எங்கம்மா, படுக்கையை எடுய்யா, அந்த எழவை விடுய்யான்னு கத்தினா. அடுத்தவங்க பொருளை எப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போறதுன்னாரு. மழை பெஞ்சுது, அது நிஜம். ஆத்துல தண்ணி இருந்துச்சு, அதுவும் நிஜம். வழியெல்லாம், கேம்பெல்லாம், 'சியால்கோட்டு மாயாவந்தி குடும்பத்தைப் பாத்தீங்களா'ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. சாகும்போது, உங்களைத் தேடிக் கொடுத்துடுடான்னாரு. நான் தேடல. கண்டுபிடிச்சா லட்டு எங்கேன்னு கேப்பீங்கள்ல? பேரு மேல பந்துத் தோலை ஒட்டிட்டேன்."

சொல்லி முடித்ததும் ஐம்பது வருடப் பாரம் இறங்கிய பெருமூச்சு ஒன்று விட்டார்.

வீரன்வாலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"லட்டு நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுக்கா. ஏலக்காய் தூக்கலாப் போட்டிருந்தாங்க."

அவ்வளவுதான், அவளால் அடக்க முடியவில்லை. சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. மாஸ்டர் தண்ணீர் கொடுத்தார். "தௌலத் ராம், தௌலத் ராம்னு எத்தனை பேரைத் திட்டியிருக்கேன், கடவுளே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "டேய், நீ பாட்டுக்கு வந்து தின்னுட்டேன் சித்தின்னு சொல்லியிருந்தா, எங்கம்மா ஒரு அடி போட்டு விட்டிருப்பாளே! அவ கை வேகம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் பெரியப்பா நசுங்கலைப் பார்த்து. "அதான் வரல."

பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கால் இரண்டும் மரத்துப்போய்விட்டன. நாங்கள் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம். தாம்பாளம் குர்த்தாவோடு ஒட்டிக்கொண்டு கூடவே எழும்பி, பிறகு டங்கென்று விழுந்து, யாரும் புரட்டாமல் தானாகவே கவிழ்ந்தது. பெரியப்பா அதைப் பார்க்க நிற்கவில்லை. மரத்த காலோடு மாடிப்படியில் கக்கூஸுக்கு ஓடிய ஓட்டத்தை இன்னும் பஸ்தியில் பேசிக்கொள்கிறார்கள்.

அடியில் கறுப்பில் ஒன்று, வெள்ளையில் இரண்டு எனப் பந்துத் தோல் துண்டுகள் ஒட்டியிருந்தன. மாஸ்டர் மெதுவாக உரித்தார். உருது எழுத்தில் பெயர். விரலை ஓட்டிப் படித்தார். மாயாவந்தி. பக்கத்தில் ஒரு சின்ன மீன்.

"மீனை மறந்தே போயிட்டேன்" என்றாள் வீரன்வாலி.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் லட்டு பிடித்தோம். மாஸ்டர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாம்பாளத்தை ஒரு நாளைக்குக் கொடுத்தார். பெரியம்மா அதைத் தேய்த்து, இருபத்தொரு லட்டு வைத்து, துணியால் மூடி, பெரியப்பா தலையில் தூக்கி வைத்தாள். அறுபது வயதில் அவர் அதைச் சுமந்துகொண்டு பஸ்தியின் நடுவே நடந்தார். வீரன்வாலியின் தம்பி மகள் வீடு மூன்று தெரு தள்ளி இருந்தது. காவலுக்கு வீட்டோடு நாங்களும் போனோம். நாய்களை விரட்ட என் அப்பா ஒரு கிரிக்கெட் மட்டையோடு முன்னால் நடந்தார். கோயில் மேடை வந்ததும் பெரியப்பாவின் நடை தளர்ந்தது.

"கொஞ்சம் இறக்கி வெக்கட்டுமா? கனமா இருக்கு."

"நடங்க" என்றாள் பெரியம்மா.

வாசலிலேயே வீரன்வாலி எண்ணினாள். இருபத்தொன்று இருந்தது. அவளே நம்பாமல் மறுபடியும் எண்ணினாள். முதல் லட்டை எடுத்துப் பெரியப்பாவின் வாயில் திணித்தாள். உடனே இருபதாகிவிட்டதே என்று இருவரும் ஒரே நேரத்தில் பதறி, இரண்டாவதை அவள் தின்றாள். மீதியைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. பதினொன்றில் நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

தாம்பாளம் அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும் என்றாள். ஆனால் காலியாகத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். வாழ்நாள் முழுக்க உணவுப் பொருளை உள்ளே விடாத மாஸ்டர், அரை மணி நேரம் வாதாடிப் பார்த்து, கடைசியில் ஐந்து கற்கண்டுக் கட்டிகளுக்கு ஒப்புக்கொண்டார். அவை இன்றைக்கும் வெல்வெட் துணியின் மேல் தாம்பாளத்துக்குள் இருக்கின்றன. எறும்பு ஏறாமலிருக்க மேடையின் நாலு கால்களுக்கும் அடியில் மாஸ்டர் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறார். வாரம் ஒரு முறை கட்டிகளை எண்ணுவார். மூன்றோ நான்கோ இருந்தால் யாரையும் கேட்காமல் நேரே எங்கள் வீட்டுக்கு வருவார்.

அட்டையை வீரன்வாலி சொல்லச் சொல்ல மாஸ்டர் எழுதினார். 'மாயாவந்தியின் தாம்பாளம். திருப்பிக் கொடுப்பதற்காகத் தௌலத் ராம் தலையில் சுமந்து வந்தது.' அதைப் படித்துவிட்டுப் பெரியப்பா, கீழே இன்னொரு வரி சேர்க்கும்படி அவராகவே கேட்டார். மாஸ்டர் மறுக்காமல் எழுதிக் கொடுத்த ஒரே வரி அதுதான். 'தாமதத்துக்குக் காரணம்: லட்டு.'

இப்போதெல்லாம் மாலையில் அட்டையைத் துடைக்கப் போகும்போது, வருகிறவர்களை நிறுத்தி வைத்து அவரே கதையைச் சொல்கிறார். குண்டு இல்லை, குதிரை இல்லை. லட்டு மட்டும்தான். தீபாவளி சமயத்தில் கேட்டபோது ஐம்பத்தொன்று தின்றதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் போனேன், நூற்றொன்று ஆகியிருந்தது. நாய் ஒன்றுகூடத் தின்னவில்லையாம்.